நரம்புக் கணக்கு: யாழ்நூலில் இருந்து பேஸ் கிற்றார் வரை

மட்டக்களப்பின் இசை வரலாறு என்று யாரிடம் கேட்டாலும் மூன்று விசயம் வரும். ஒன்று கூத்தும் அண்ணாவியாரின் மத்தளமும். இரண்டு விபுலானந்த அடிகளும் யாழ்நூலும். மூன்று வாவிக்குள் பாடுகிற மீன். மூன்றைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது, இனியும் எழுதுவார்கள். ஆனால் கோயில் திருவிழா மேடையிலும், தேவாலயத்திலும், கலியாண வீட்டிலும் பின்பக்கமாக நின்று ஒருவர் நாலு கம்பியில் 'தும் தும்' என்று அடித்துக்கொண்டு இருப்பாரே, அவருடைய கருவி எந்தப் பட்டியலிலும் வராது. கேட்டால், "அது எங்கட கருவி இல்லையே" என்பார்கள்.

அந்த 'எங்கட' என்ற சொல்லைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு கருவி எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது பிழைத்துப்போனால் திறந்து சரிபண்ண ஊரில் ஆள் இருக்கா என்பது இன்னொரு கேள்வி. எங்களுக்கு இரண்டாவதுதான் பெரிசாகப் படுகிறது. ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் நாலு பேர் காசு போட்டு வாங்கிய பழைய பேஸ் கிற்றார் ஒன்று இருக்கிறது. அதைச் செட்டப் பண்ண வேண்டும் என்றால் கொழும்புக்கு பஸ் ஏற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் ஏற்றவில்லை. இங்கேயே திறந்தோம். திறந்து வைத்துக்கொண்டு வாசித்த விசயங்கள்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

கருவியின் கதை சுருக்கம். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போல் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றை விற்பனைக்கு விட்டார். அதுதான் உலகம் முழுக்கப் போனது. ஃபெண்டர் இசைக்கலைஞர் இல்லை, அவருக்கு கிற்றார் வாசிக்கவே தெரியாது. றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். அதனால் அவர் செய்த கருவியும் றேடியோ மாதிரித்தான்: கழுத்து நாலு புரியாணியில் நிற்கும், கழற்றலாம், மாற்றலாம், எல்லாப் பாகத்துக்கும் ஒரு ஆணி உண்டு. அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். அதில் மெட்டு கிடையாது, விரலை எங்கே வைப்பது என்று காதுதான் சொல்லவேண்டும். ஃபெண்டர் மெட்டுகளைப் பதித்தார். விரல் வைத்தால் சுரம் துல்லியமாக வரும் என்பதால்தான் அந்தப் பெயர்.

(ஃப்ரெட் என்று எங்களில் பலர் சொல்வதை வீணைக்காரர் மெட்டு என்பார்கள். அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.)

துல்லியம் என்றால் எந்தக் கணக்கில் துல்லியம்? இங்கேதான் விசயம் எங்கள் ஊர்ப்பக்கம் திரும்புகிறது.

ஒரு நரம்பை நடுவில் அழுத்தினால் மேல் ஸ்தாயி வரும். இது எல்லா நாட்டுக்கும் பொது. அந்தப் பாதிக்குள் எத்தனை சுரத்தானம், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்பதில்தான் சண்டை. ஐரோப்பாவில் லூட் வாத்தியத்துக்கு மெட்டு வைக்க ஒரு சுலபக் கணக்கு இருந்தது: நரம்பின் நீளத்தைப் 18ஆல் பிரி, முதல் மெட்டு அங்கே, மிச்ச நீளத்தைத் திரும்ப 18ஆல் பிரி, இரண்டாவது அங்கே. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்செஞ்சோ கலிலேயி 1581இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. அதே காலத்தில் சீனாவில் சூ சாய்யூ என்ற இளவரசர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் கணக்கைச் சரியாகப் போட்டு முடித்துவிட்டார். இன்றைய கிற்றார்கள் எல்லாம் அந்தச் சமபங்குக் கணக்கில் ஓடுகின்றன. அதில் பிரிக்கிற எண் 18 இல்லை, 17.817.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எங்கள் பேஸின் நரம்பு நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீற்றர். முதல் மெட்டில் இரண்டு கணக்குக்கும் இடையில் அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். பன்னிரண்டாம் மெட்டுக்கு வரும்போது அது மூன்று மில்லிமீற்றர். ஆனால் 18 கணக்கு முட்டாள்தனம் இல்லை. நரம்பை மெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும். 18 கணக்கில் மெட்டுகள் கொஞ்சம் பின்னுக்கு விழுவதால் அந்த ஏற்றம் ஓரளவு ஈடாகிவிடும். பழைய ஆசாரிமாரின் பிழை என்று நாம் நினைப்பதில் பாதி, கையில் அனுபவப்பட்டுக் கண்டுபிடித்த திருத்தம்.

தமிழில் இந்தக் கணக்கு வழக்கு இரண்டு பெரிய புத்தகங்களில் நடந்தது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். ஸ்தாயியைச் சமபங்காகப் பிரிக்க வேண்டும், சுருதி 22 என்பது சரியில்லை, 24 என்று அவர் வாதாடினார். நரம்பு நீளங்களைப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த 24இல் ஒன்று விட்டு ஒன்றை எடுத்தால் வருவது கிற்றார் மெட்டு. கிற்றாரின் கணக்கு தமிழ் இசைக்கு அந்நியம் என்று சொல்கிறவர்கள் பண்டிதரை என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மற்றப் புத்தகம் எங்கட ஆள் எழுதியது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிறகு விபுலானந்த அடிகள். அவரைப் பாடநூலில் துறவி, தமிழ்ப் பேராசிரியர் என்று படித்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், எல்லாம் உண்மை. ஆனால் அவர் அதற்கு முன் விஞ்ஞானக்காரர். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், லண்டன் பி.எஸ்ஸி., யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். யாழ்நூலைத் திறந்து பார்த்தால் அந்த விஞ்ஞான வாத்தியார் இன்னும் உள்ளேயே இருக்கிறார். ஏழு இயல்களில் ஒன்று யாழுறுப்பியல்: கருவியின் உடம்பு. அடுத்தது இசைநரம்பியல்: நரம்பின் கணக்கு. பண்ணும் தேவாரமும் அதற்குப் பிறகுதான். முதலில் மரம், தோல், ஆணி, நீளம், மறுகா பாட்டு. இந்த வரிசையே எங்களுக்கு மிகவும் பிடித்தது.

அழிந்துபோன ஒரு கருவியை, படமும் இல்லாமல், பழைய பாட்டுகளில் இருக்கும் வர்ணனையையும் உரைகாரர் விட்டுப்போன எண்களையும் வைத்துத் திரும்பக் கட்டுவதுதான் அவர் எடுத்த வேலை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7. பத்தர் எவ்வளவு, கோடு எப்படி வளையும், போர்வைத்தோல் எது, நரம்பை இறுக்கும் திவவு எங்கே கட்டுவது. 22 அலகு என்ற மரபைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நரம்புக்கும் விகிதம் போட்டார். நூல் 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. கணக்கின்படி செய்த யாழ்களை அங்கே கொண்டுவந்து மீட்டினார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். கல்லடியில் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி.

பழைய தமிழில் 'நரம்பு' என்றால் கம்பியும்தான், சுரமும்தான். யாழில் அது சரியாகப் பொருந்தும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேஸில் நாலு நரம்பு, ஃபெண்டரின் பழைய கணக்கில் இருபது மெட்டு. திறந்த நரம்பையும் சேர்த்தால் ஒரு நரம்பில் இருபத்தொரு தானம், பேரியாழின் எண்ணிக்கை. இது தற்செயல். இதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் கவனித்தபோது கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது.

கருவியைப் பரிசோதிப்பது, குறை சொல்வது, சரிபண்ணுவது என்பதெல்லாம் தமிழ் இலக்கியத்துக்குப் புதுசும் இல்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகன், முதலில் பாடவில்லை. கொடுத்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்துத் தள்ளுகிறான். இந்த மரம் நீரில் ஊறியது, இது இடி விழுந்தது, இது வெந்தது, இந்த நரம்புக்குள் மயிர் கலந்திருக்கிறது. இன்றைக்கு பேஸ் வாங்கப் போகிறவன் கழுத்தைக் கண்ணோடு பிடித்து வளைவு பார்ப்பதும் இதே வேலைதான். வீணையிலும் அப்படித்தான். இருபத்துநாலு மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவதை 'மேளம் கட்டுதல்' என்பார்கள். அது தனித் தொழில், அதற்கென்று ஆட்கள் உண்டு. செட்டப் என்ற இங்கிலீஸ் சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்குச் சண்டை ஒரு கருவியை நாடு கடத்துகிற அளவுக்கும் போயிருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது, 1971இல்தான் தளர்த்தியது. சொன்ன காரணங்களில் ஒன்று, அதன் சுருதிகள் சமபங்குக் கணக்கில் உறைந்துபோனவை, கமகம் வராது என்பது. காரணத்தில் உண்மை இருக்கு. ஆனால் முப்பது வருசமும் தெருக்கூத்திலும் பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் ஹார்மோனியம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வயலினும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் கருவிதான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் உள்ளே வந்தது, சுருதி மாற்றிக் கட்டினார்கள், நிலத்தில் இருந்து வாசிக்கத் தோதாகப் பிடித்தார்கள், இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரி இல்லை. சுருதியை மாற்றி, பிடியை மாற்றி, தங்களுக்கு ஏற்றாற்போலத் திருத்திக்கொண்டதால்தான் அது அவர்களுடையதானது.

சரி, எங்கள் மேசைக்கு வருவோம். ஒரு பேஸைச் செட்டப் பண்ணுவதில் வரிசை முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும், அதனால் பின்னுக்கு இருப்பதை முன்னுக்குச் செய்தால் எல்லாம் வீண்.

முதலில் போடப்போகிற நரம்பையே போட்டு, வாசிக்கிற சுருதியிலேயே கூட்டவேண்டும். தடித்த 'ஈ' நரம்பின் அதிர்வு செக்கனுக்கு 41. போனில் இருக்கும் டியூனருக்கு அந்த ஆழம் சரியாகக் கேட்காது, முள் அங்கும் இங்கும் ஆடும். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே விரலை லேசாகத் தொட்டு எடுத்தால் இரட்டிப்புச் சுரம் வரும், 82. அதைக் கேட்டால் டியூனர் நிற்கும்.

அடுத்தது கழுத்து. நாலு நரம்பும் சேர்ந்து கழுத்தை 75 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. ஒரு ஆளைத் தொங்கவிட்ட மாதிரி. அதைத் தாங்க மரத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி, ட்ரஸ் றொட். கிப்சன் கம்பனியில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை எடுத்த சாமான். கழுத்து முழு நேராக இருக்கவும் கூடாது. நரம்பு அதிரும்போது நடுவில்தான் அகலமாக வீசும், அதற்கு இடம் வேணும். முதல் மெட்டையும், கழுத்து உடம்போடு சேருகிற இடத்து மெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாம் எட்டாம் மெட்டில் நரம்புக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. 0.3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லம். அளக்கிற தகட்டை இசைக்கடையில் தேட வேண்டாம். மோட்டார் சைக்கிள் கராச்சில் டப்பட் செட் பண்ணுகிற கேஜ் இதே வேலையைச் செய்யும். இடைவெளி கூடினால் அலன் கீயை வலப்பக்கம் கிறுக்கி இறுக்குவது, குறைந்தால் இடப்பக்கம். ஒரு தரத்துக்கு கால் சுற்றுத்தான், பிறகு திரும்பச் சுருதி கூட்டி, திரும்ப அளந்து, தேவை என்றால் இன்னொரு கால். கீ அளவு சரியாக இருக்கவேண்டும். அங்குலக் கீக்குப் பதிலாக மில்லிமீற்றர் கீயைப் போட்டுத் திருகினால் ஆணித்தலை வழுகிப்போகும், அதோடு கழுத்தும் போச்சு. எவ்வளவு இறுக்கியும் அசையவில்லை என்றால் விட்டுவிடுவதுதான் புத்தி.

பிறகுதான் குதிரை. தமிழில் குதிரை என்கிறோம், இங்கிலீசில் அதன் மேல் இருக்கும் சின்னத் துண்டுக்கு சடில் என்று பெயர், சேணம். இரண்டு மொழியும் பேசி வைத்த மாதிரி. சடிலின் சின்ன ஆணிகளால் நரம்பின் உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். பதினேழாம் மெட்டுக்கு மேலே தடித்த நரம்பு 2.4 மில்லிமீற்றர், மெல்லிய நரம்பு 2 மில்லிமீற்றர் என்பது பொதுவான அளவு. குறைத்தால் விரலுக்குச் சுகம், ஆனால் நரம்பு மெட்டில் முட்டிக் கரகரக்கும்.

பொது அளவு என்பதை வேதவாக்காக எடுக்கவும் தேவையில்லை. டிட்ரொயிட்டில் மோட்டவுன் கம்பனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் கருவி, எந்த அளவுகோலிலும் தோற்றுப்போகும். நரம்பு உயரத்தில் நின்றது, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார், வலது கையில் ஒரு விரலால்தான் வாசித்தார். உலகத்தின் பாதி பேஸ்காரர் இன்றைக்கும் அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறார்கள்.

உயரம் சரிவந்தபின் சுருதிச் சுத்தம். பன்னிரண்டாம் மெட்டில் லேசாகத் தொட்டு வரும் சுரமும், அதே மெட்டில் அழுத்தி வரும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் சடிலைப் பின்னுக்குத் தள்ளி நரம்பை நீட்டுவது, இறங்கி நின்றால் முன்னுக்கு இழுப்பது. தடித்த நரம்புக்கு ஈடு அதிகம் வேணும், அதனால்தான் செட்டப் பண்ணிய எந்த பேஸிலும் சடில்கள் படிக்கட்டு மாதிரி சரிந்து நிற்கும். கலிலேயி காலத்து 18 கணக்கு மெட்டுகளை நகர்த்திச் செய்த திருத்தத்தை இங்கே ஒரு ஸ்குறூ செய்கிறது. யாழ்நூலின் நரம்பியலை வாசித்துவிட்டு இந்த ஸ்குறூவைக் கிறுக்கினால் எங்களுக்கு அது வேற வேலையாகத் தெரியவில்லை. நீளம், இழுவை, தடிப்பு: மூன்றையும் வைத்துக்கொண்டு காதோடு பேரம் பேசுவதுதான் இரண்டும். ஒரு வித்தியாசம், அடிகள் வைத்திருந்த 22 அலகை எங்கள் மெட்டு தராது. அது வேண்டும் என்றால் மெட்டைப் பிடுங்கிவிட்டு மெட்டில்லாத பேஸ் வாசிக்கவேண்டும். அதற்கு எங்களுக்கு இன்னும் காது போதாது.

பிக்கப்பின் உயரம் கடைசி வேலை, அது சுலபம். காந்தம் நரம்புக்கு மிகக் கிட்ட வந்தால் நரம்பையே இழுத்துச் சுருதியைக் கெடுக்கும், தூரம் போனால் சத்தம் சோரும். அவ்வளவுதான்.

புத்தகத்தில் இல்லாத விசயம் எங்கள் காற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உப்புக்காற்றில் இருக்கும் நரம்பு வேகமாகக் கறள் பிடிக்கும். நவம்பரில் இருந்து ஜனவரி வரை வாடை மழை, மரம் தண்ணி குடிக்கும். வருச நடுவில் கச்சான் காற்று அடிக்கும்போது வாய் காய்கிற மாதிரி மரமும் காயும். கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறு, ஆனால் வளையும். கலிபோர்னியாவில் வருசத்துக்கு ஒரு தரம் பார் என்று எழுதி வைத்திருப்பதை மட்டக்களப்பில் இரண்டு காலத்துக்கும் ஒவ்வொரு தரம் என்று மாற்றி வாசிக்கவேண்டும். மத்தளத்துக்கு இதெல்லாம் தெரிந்த கதை. மழைக்காலத்தில் தோல் இறங்கும், அண்ணாவியார் வாரை இறுக்குவார். பறையை நெருப்பில் காட்டித்தான் அடிக்கத் தொடங்குவார்கள். அவர்களை யாரும் டெக்னீசியன் என்று சொன்னதில்லை.

2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியபோது நரம்பு செட் வாங்குவது கனவாகிப்போனது. பழைய நரம்பைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுகிற கலை அந்த வருசம்தான் பலருக்குக் கைவந்தது. கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் இன்னொரு விசயமும் பலர் கண்டுபிடித்திருப்பார்கள். மின்சார பேஸை அம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது; ஆனால் மரத்தின் மேல்கொம்பில் காதை வைத்தால் முழுக்கக் கேட்கும், எலும்புக்குள்ளால் வரும். 1848 செப்ரெம்பரில் மட்டக்களப்பு வாவியில் தோணியில் போன எமர்சன் டெனன்ட், பாடும் மீனின் சத்தத்தைப் பற்றி எழுதிய குறிப்பில் இதே விசயம் இருக்கிறது. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் பலமடங்காகக் கேட்டது என்கிறார், மிக மெல்லிய சுரமும் மிக ஆழமான பேஸும் கலந்திருந்தது என்கிறார். மீனவர்கள் அவரிடம் அது மீன் இல்லை, ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 1954இல் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்ய, வானொலியில் போனது. விபுலானந்தர் 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' என்று கவிதையாகவே எழுதினார். ஆக இந்த ஊரில் ஆழ்ந்த சுரத்தைக் காதை மரத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம் ஃபெண்டருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது.

இனி எங்களுக்கு உண்மையில் உறுத்துகிற இடம். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் விட்டுப்போன சந்ததியான பறங்கியர் இன்றும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் முழுக்கச் சாகவில்லை. கலியாண வீட்டில் அவர்கள் ஆடும் கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின், மண்டலின், கிற்றார், ரபான். அந்தத் தாளத்தில் இருந்து வந்ததுதான் பைலா. வாலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் 1940களில் அதைக் கொழும்பு மேடைக்குக் கொண்டுபோனார். பைலாவின் துள்ளல் தமிழில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப் பாட்டாகித் தமிழ்நாடு வரை போனது. இந்தப் பக்கம் இளையராஜா 1976இல் வந்தபின் சசிதரன் போன்றவர்களின் பேஸ் றேடியோவுக்குள்ளால் எங்கள் அம்மா அப்பாவின் காதுக்குள் இறங்கியது. பேஸ் கிற்றார் இங்கே மேடை ஏறியபோது அதற்கு இடம் ஏற்கனவே தயாராக இருந்தது என்பது எங்கள் அபிப்பிராயம். தந்திக் கருவி இங்கே பல தலைமுறையாகப் புழங்கிவிட்டது.

ஆனால் அந்தக் கருவிகளை யார் பராமரித்தார்கள்? மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் மட்டக்களப்புப் பறங்கியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே இரண்டு வகை: ஒல்லாந்தப் பறங்கியர், போர்த்துக்கேய 'மெக்கானிக்'. அந்த மெக்கானிக் என்ற சொல் பெருமைக்காகச் சொன்னது இல்லை. கச்சேரியில் பேனா பிடித்தவர்கள், தச்சுவேலை, இரும்புவேலை, சப்பாத்துவேலை செய்தவர்களைத் தள்ளிவைக்கப் பாவித்த சொல். உளியும் அரமும் பிடித்த கை தாழ்ந்தது என்று அர்த்தம். அந்தக் கைகள் உள்ள சனங்களின் வீட்டில்தான் வயலினும் மண்டலினும் இருந்தன. குதிரை உடைந்தால் லிஸ்பனுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆணி வழுகினால், கழுத்து வளைந்தால், நரம்பு கிடைக்காமல் போனால் எதையோ செய்திருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்று தமிழில் யாரும் கேட்டு எழுதியதை நாங்கள் காணவில்லை. கூத்தைப் பதிவு செய்தோம், பாட்டைப் பதிவு செய்தோம். பழுது பார்த்த கையைப் பதிவு செய்யவில்லை. கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்களும் அதே பேனாப் பக்கத்தில்தான் இருக்கிறோம், அதுதான் உறுத்துகிறது. 2004 கடல்கோள் டச்பாரில் பறங்கியர் குடியிருப்பை அள்ளிக்கொண்டு போனது. யுத்தமும் வெளிநாடும் மிச்சப் பேரைக் கலைத்தது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர்கள் வந்து கிரியோலையும் பாட்டுகளையும் பதிந்து வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை. வந்தாறுமூலையில் இருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் எங்களுக்கு அது வெட்கமாகவும் இருக்கு.

அதனால் ஒரு கேள்விப் பட்டியல் போட்டிருக்கிறோம். வயலின் முறுக்காணிக்குக் கிரியோலில் என்ன பெயர். குதிரைக்கு எந்த மரம் வெட்டுவார்கள், முதிரையா, பாலையா, வேறேதுமா. யுத்தகாலத்தில் நரம்பு வராதபோது எதைப் போட்டார்கள், பிறேக் வயரா, மீன்பிடி நைலோனா. ரபான் தோலை மழைக்காலத்தில் எப்படிக் காய்ச்சினார்கள். முதல் அம்ப்ளிஃபயரை ஊரில் யார் கட்டியது, றேடியோ திருத்துகிறவரா. உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ, ஒழுங்கையில் இருக்கும் மேசன் மாமாவோ தச்சன் அங்கிளோ இதில் ஒன்றுக்காவது பதில் சொன்னால் அவர்கள் பாவித்த சொல்லை அப்படியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். சாமான் மிச்சம் இருந்தால் அளவு எடுத்துவையுங்கள், மில்லிமீற்றரில். பேஸ் வைத்திருக்கிறவர்கள் வாடை தொடங்க முதல் கழுத்தை ஒருக்கா பாருங்கள். கேஜ் எங்களிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வந்தால் இரவல் தருவோம்.